போலீஸ் நிறுத்துவதை எழுதுகிறீர்கள், ஏன் நிறுத்துகிறது என்பதையும் எழுதுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பத்திரிகை, தொலைக்காட்சி நிருபர்களுக்கும், அவர்கள் அனுப்புகிற செய்தியில் எது வரவேண்டும் எது வேண்டாம் என்று முடிவு செய்கிற ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களும் இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பிரிவு ரோட்டில் சனிக்கிழமை ராத்திரிகளில் நடந்துவந்த வாகனச் சோதனை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்தவரை அதை நிறுத்தியது ஒரு செய்தி. ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் "போலீசார் கெடுபிடி, வாகன ஓட்டிகள் அவதி" என்று தலைப்புப் போட்டு, பைக்குகள் வரிசையில் நிற்கிற படத்தோடு வந்தது. அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் போதும், முன்வரிசையில் நின்ற ஒருவர் தலையிலும் ஹெல்மெட் கிடையாது, ஒரு பைக்கில் மூன்று பேர். செய்தியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எத்தனை பேர் குடித்திருந்தார்கள், எத்தனை பேரிடம் லைசென்ஸ் இல்லை, அந்த இடத்தில் ஏன் சோதனை வைத்தார்கள், எதுவும் இல்லை. நின்றவர்களில் இரண்டு பேர் கோபமாகச் சொன்னது மட்டும் இருந்தது. மறுநாளே அந்தப் படத்தை வெட்டி "வசூல் வேட்டை" என்று எழுதி வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டார்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள் ஸ்டேஷனுக்கு போன் போட்டார்கள், அடுத்த சனிக்கிழமை பேரிகார்டு ரோட்டோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த இடத்தில் சோதனை வைத்ததற்குக் காரணம் இருந்தது. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற நம்ம பையன்கள் சனிக்கிழமை ஷிப்ட் முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிற நேரம் அது. பஸ்ஸில் நிற்க இடமிருக்காது, அதனால் பைக். தூக்கம் ஒரு பக்கம், வழியில் நண்பர்களோடு குடித்தது ஒரு பக்கம், வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம் ஒரு பக்கம். இதில் எனக்குத் தாங்கமுடியாத விஷயம் என்னவென்றால், இதே பையன்கள் பெங்களூருக்குள் ஓட்டும்போது ஹெல்மெட் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். அங்கே சிக்னலுக்குச் சிக்னல் பிடிப்பார்கள் என்று தெரியும். அத்திப்பள்ளி தாண்டி நம்ம எல்லைக்குள் வந்ததும் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் டேங்க் மேல் வைத்துக்கொள்கிறார்கள். ஹெல்மெட் இருக்கிறது, போடத் தெரியும், பழக்கமும் இருக்கிறது. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவர்களுக்கு உறுதி கொடுத்ததில் அந்த மாதிரிச் செய்திகளுக்கும் பங்கு இருக்கிறது என்று நான் பழி சொல்கிறேன், யோசித்துத்தான் சொல்கிறேன்.

நான் நல்லம்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிப் பட்டறை வைத்திருப்பவன். பிரேக் வேலைதான் முக்கியமான வேலை. தருமபுரி-சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிற தொப்பூர் கணவாய்க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுகிற வண்டிகளின் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிறவன் என்ற முறையில் உங்கள் விபத்துச் செய்திகளைப் பற்றிச் சொல்ல எனக்கு விஷயம் இருக்கிறது.

தொப்பூரில் லாரி மோதினால் மறுநாள் பேப்பரில் என்ன வருகிறது? "பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த லாரி." டிரைவர் போலீசிடம் சொன்னது அது, போலீஸ் உங்களிடம் சொன்னது அது, நீங்கள் எழுதுவது அது. அதோடு முடிந்தது. படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? மெஷின்தானே, எப்போதாவது மக்கர் பண்ணும், பாவம் அவர் என்ன செய்வார், விதி. டீக்கடையில் நான் கேட்கிற பேச்சும் இதுவேதான்.

பட்டறையில் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம்மைக் கழற்றினால் வேறு கதை தெரிகிறது. டிரம் நீலம் பாரித்திருக்கும், டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனர் கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகி, தொட்டால் கருகல் வாடை வரும். அந்த பிரேக் தானாகப் பழுதாகவில்லை, காய்ச்சிக் கெடுத்திருக்கிறார்கள். தருமபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் இறக்கம். அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் ஒழியவே இல்லை. கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பாதி இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் கால் பிரேக்கில் வந்து விழும். வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, லைனர் வழுக்க ஆரம்பிக்கும், விட்டு விட்டு மிதித்தால் பிரேக்கை இயக்குகிற காற்று டேங்கில் காற்றும் இறங்கும். சிலர் என்ஜினையே ஆஃப் பண்ணிவிடுகிறார்கள், அப்போது காற்று மறுபடி ஏறவும் வழியில்லை, ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். இதற்கு மேல் லோடு அதிகம் என்றால் கேட்கவே வேண்டாம். கணவாயில் இருக்கிற இரட்டைப் பாலம் வரும்போது கால் முழுக்க மிதித்தும் வண்டி நிற்காது. அப்போது டிரைவர் சொல்வது பொய்யில்லை, பிரேக் பிடிக்கவில்லைதான். ஆனால் அது பிடிக்காமல் போனது பாலத்தில் இல்லை, மேலே கணவாய் தொடங்குகிற இடத்தில் நியூட்ரலுக்குத் தள்ளியபோதே.

இதை நீங்கள் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இறக்கத்துக்கு மேலே போலீஸ்காரர் லாரியை மறித்து, முதல், இரண்டாவது கியரில் இறங்கு என்று சொல்லும்போது, அவர் எதற்கு அங்கே நிற்கிறார் என்பது ஜனங்களுக்குப் புரிந்திருக்கும். பின்னால் நிற்கிற கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு, மாமூலுக்கு நிறுத்துகிறார்கள் என்று வீடியோ எடுக்க மாட்டார். லாரி ஓனர்களும் "ஏம்பா நியூட்ரல்ல விடறே" என்று டிரைவரைக் கேட்டிருப்பார்கள்.

2020 டிசம்பரில் அதே இறக்கத்தில் வரிசையாக நின்ற வாகனங்கள் மேல் லாரி ஏறி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் காரும் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்ததில் மறுபடி 4 பேர். இரண்டாவது விபத்தின் கேமரா காட்சியை எத்தனை சேனல் எத்தனை தடவை ஓட்டின என்பது உங்களுக்கே தெரியும், நம்ம ஊர்க் குழந்தைகள்கூட அதை செல்போனில் பார்த்தன. அந்த இரண்டு விபத்துக்கும் காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை, விசாரித்தவர்கள் சொல்லவேண்டியது அது. விசாரணையில் என்ன வந்தது, அந்த வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எப்போது எடுத்தது, டிரைவர் எத்தனை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார், எடை எவ்வளவு, இதையெல்லாம் எடுத்துக் கேட்டுப் பிறகு ஒரு செய்தி வந்ததாக எனக்கு நினைவில்லை. நெருப்பு எரிகிற வரைக்கும் செய்தி. நெருப்பு அணைந்ததும் அடுத்த செய்தி.

உயர்மட்டச் சாலை வருகிறது, அது வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். வரட்டும், வரவேண்டும், அதற்காகக் குரல் கொடுத்து எழுதிய நிருபர்களை நான் மதிக்கிறேன். அது முடிகிற வரைக்கும் அதே இறக்கத்தில்தான் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையின் வண்டிகள் மொத்தமும் இறங்கியாக வேண்டும். ராஜஸ்தானிலிருந்தும் அரியானாவிலிருந்தும் வருகிற டிரைவருக்கு இந்தக் கணவாய் புதிது, தமிழ்ப் பலகையைப் படிக்கத் தெரியாது. அவருக்கு வழியில் நின்று சொல்ல ஆள் வேண்டும், மீறினால் பிடிக்க ஆள் வேண்டும். வேறு வழி இப்போதைக்கு இல்லை.

கிருஷ்ணகிரிப் பக்கமும் இதே கதைதான். மேலுமலையில் 2016 ஜூனில் லாரியும் தனியார் பஸ்ஸும் மோதிப் பல குடும்பங்கள் ஆள் இழந்தன. பேரண்டபள்ளிப் பக்கம் அடிக்கடி வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு நாலுவழிச் சாலை வந்த பிறகு அங்கே ஓடுகிற வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். முன்பு மாட்டு வண்டி போன கிராமத்துப் பாதை வந்து சேருகிற இடத்தில் இப்போது கார் அம்பாகப் போகிறது, குறுக்கே டிராக்டர் வருகிறது, எதிர்த் திசையில் மொபெட்டில் புல்லுக்கட்டு வருகிறது.

சரி, செய்தி எழுதினால் மட்டும் ஜனங்கள் மாறிவிடுவார்களா என்று கேட்பீர்கள். செய்தி மட்டும் என்று நான் சொல்லவில்லை. போலீஸ் மட்டும் நின்றாலும் ஆகாது, செய்தி மட்டும் வந்தாலும் ஆகாது, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் ஆகும். நாமே கண்ணால் பார்த்திருக்கிறோம். 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்பும் சட்டம் இருந்தது, மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவு அன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. ஆனால் அந்த ஜூன் கடைசி வாரம் தினமும் முதல் பக்கத்தில் அதுதான். எங்கே சோதனை, போடாவிட்டால் என்ன ஆகும், ஐ.எஸ்.ஐ. முத்திரையை எப்படிப் பார்ப்பது, எல்லாம் எழுதினீர்கள். தருமபுரி நாலு ரோட்டில் ஹெல்மெட் கடைகளில் கூட்டம் நின்றது. பெண்கள் போட்டார்கள், வயதானவர்கள் போட்டார்கள். போலீஸ் எல்லாத் தெருவிலும் நிற்கவில்லை, அவ்வளவு ஆள் அவர்களிடம் எப்போதும் இருந்ததில்லை. எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று எல்லோரும் நம்பினார்கள், அந்த நம்பிக்கையை உண்டாக்கியது நீங்கள். பிறகு செய்தி குறைந்தது, சோதனையும் குறைந்தது, ஹெல்மெட் பரணுக்குப் போனது.

வெளிநாட்டிலும் இதே அனுபவம்தான் என்று பெங்களூரில் படிக்கிற என் மகள் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் எந்த வண்டியையும் எந்த இடத்திலும் நிறுத்தி, குடித்திருக்கிறாரா என்று பார்க்க ஊதச் சொல்லலாம் என்று கொண்டுவந்தபோது, டிவியிலும் பேப்பரிலும் அதைப் பற்றிப் பெரிய அளவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், சாலைச் சாவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் 1993இல் சீட் பெல்ட் சோதனையையும் அதைப் பற்றிய செய்தி, விளம்பரங்களையும் ஒன்றாகச் சேர்த்து நடத்தினார்கள், 65 சதவீதம் பேர் பெல்ட் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் சில மாதத்தில் எண்பதைத் தாண்டியது. ஒரு போலீஸ்காரர் ஒரு ராத்திரியில் சில நூறு வண்டியைத்தான் நிறுத்த முடியும். அவர் நிறுத்துகிறார் என்ற செய்தி பென்னாகரம் டீக்கடையிலும் ஊத்தங்கரை சலூனிலும் அரூர் பஸ் ஸ்டாண்டிலும் ஒரே காலையில் போய்ச் சேருகிறது. அந்த ராத்திரி வண்டியை எடுக்கிறவன் ஒரு நிமிஷம் யோசிக்கிறான். எனக்கு வேண்டியது அந்த ஒரு நிமிஷம்.

எண்ணிக்கையைப் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொடுத்த கணக்கில் 2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், நாட்டிலேயே அதிகம். செத்தவர்கள் 17,884 பேர், அதாவது நாளைக்கு 49 பேர். அதே வருடம் நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் மட்டும் 50,029 பேர், அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். பின்னால் உட்காருவது நம்ம வீட்டில் யார்? மனைவி, அம்மா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. சரியாக மாட்டிய ஹெல்மெட் சாகிற ஆபத்தை 40 சதவீத அளவு குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த எண்கள் டெல்லியிலிருந்து வரும்போது ஒருநாள் தலைப்பாக வருகின்றன. காரிமங்கலத்தில் எத்தனை, பர்கூரில் எத்தனை, எந்த வளைவில் எத்தனை என்று நம்ம மாவட்டப் பக்கத்தில் மாதாமாதம் வருவதில்லை. தக்காளி விலை தினமும் வருகிறது, மாம்பழ விலை வருகிறது, அணை நீர்மட்டம் வருகிறது. இது மட்டும் வருவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படித்தான் போனான். பேர் வேண்டாம். ராத்திரி புளியமரத்தில் மோதினான், தலையில் அடி, உடம்பில் வேறெங்கும் பெரிய காயமில்லை. மறுநாள் நாலு வரிச் செய்தி: பேர், வயசு, மரத்தில் மோதி வாலிபர் பலி, போலீசார் விசாரணை. ஹெல்மெட் போடவில்லை என்பது அதில் இல்லை. நிருபரைக் குறை சொல்ல மாட்டேன், செத்த வீட்டில் போய் அதை எழுதினால் பெற்றவர்களுக்கு இன்னும் ஒரு அடி, இன்சூரன்ஸ் கேஸில் பிடித்தம் ஆகுமோ என்ற பயமும் வீட்டில் இருந்தது. அந்த இரக்கம் சரியானது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இதே இரக்கம் காட்டினால், ஊருக்குத் தெரியவேண்டிய உண்மை ஊருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அதற்கு வழி இருக்கிறது. தனி ஆளின் செய்தியில் வேண்டாம். மாதக் கடைசியில் இந்த மாவட்டத்தில் பைக்கில் போய் இறந்தவர்கள் இத்தனை பேர், அதில் ஹெல்மெட் இல்லாதவர்கள் இத்தனை பேர் என்று பேரில்லாமல் எழுதுங்கள். யார் மனசும் புண்படாது, படிக்கிற அப்பா அம்மாவுக்கு உறைக்கும்.

போலீசுக்கு ஊதுகுழலாக இருக்கச் சொல்கிறாயா என்று சில நிருபர்களுக்குக் கோபம் வரும். இல்லை. ரசீது கொடுக்காமல் பணம் வாங்கினால் எழுதுங்கள், அதைக் கண்டிப்பாக எழுதவேண்டும். வளைவில் திடீரென்று ரோட்டுக்குக் குறுக்கே பாய்ந்து லத்தியை நீட்டினால் எழுதுங்கள், அது வண்டிக்காரனுக்கும் போலீசுக்கும் ஆபத்து. காலையில் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோகிற பெரியவரை நிறுத்திவிட்டு, கொடி கட்டிய காரை விட்டால், படம் எடுத்துப் போடுங்கள். நான் கேட்பது, சரியாக நடந்த சோதனையையும் அதே கவனத்தோடு எழுதுங்கள் என்பதுதான். நாற்பது பேரை நிறுத்தி ஆறு பேர் குடித்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள் என்றால், அந்த ஆறு பேரும் ஏதோ ஒரு பிள்ளைமேல் மோதாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பது செய்தி இல்லையா? விபத்து நடந்தால் நாலு பத்திச் செய்தி, நடக்காமல் தடுத்தால் "பொதுமக்கள் அவதி" என்று எழுதினால், எந்த இன்ஸ்பெக்டர் ராத்திரி கண்விழித்துச் சோதனை போட முன்வருவார்?

காவல் துறைக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது, நிருபர்கள்மேல் மட்டும் பாரத்தைப் போட முடியாது. நீங்கள் பத்திரிகைக்கு அனுப்புவது என்ன? சாலைப் பாதுகாப்பு வாரத்தில் பேரணியைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்த படம், ஹெல்மெட் போட்டவருக்கு ரோஜாப்பூ கொடுத்த படம். அதையும் அவர்கள் போடுகிறார்கள். எந்த ரோட்டில் எந்த நேரத்தில் எத்தனை பேர் செத்தார்கள், அதனால் இந்த இடத்தில் இந்தச் சோதனை என்று ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்களேன், அதை எப்படிப் போடாமல் விடுவார்கள்? காரணம் சொல்லாத சோதனையை ஜனங்கள் வசூல் என்றுதான் நினைப்பார்கள். மாத டார்கெட்டுக்காக நிறுத்துகிறார்கள் என்று எங்கள் பட்டறையில் வந்து பேசாத டிரைவர் கிடையாது. அந்தப் பேச்சை உடைக்க ஒரே வழி கணக்கை வெளியே வைப்பது.

அபராதத்தைப் பற்றியும் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய், பின்னால் இருப்பவருக்கும் உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. ஓவர்லோடுக்கு 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஆயிரம் என்பது இரண்டு நாள் சாப்பாடு, அதை வாங்கும்போது ஏன் என்று சொல்லாவிட்டால் வயிறு எரியத்தான் செய்யும். பதினெட்டு வயது ஆகாத பையனிடம் வண்டியைக் கொடுத்தால் 25,000 ரூபாய் அபராதம், வண்டி ஓனருக்கோ பெற்றோருக்கோ மூன்று வருடம் வரை சிறை, வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து, அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2019 திருத்தச் சட்டத்தில் இது வந்துவிட்டது. பிளஸ் ஒன் படிக்கிற பையனுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்து, பெருமையாக ஸ்டேட்டஸ் வைக்கிற எத்தனை அப்பாக்களுக்கு இது தெரியும்? என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொன்னால் "அப்படியா, நிஜமாவா" என்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கம் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது நான் கேட்பது என்ன என்று நேராகச் சொல்லிவிடுகிறேன்.

காவல் கண்காணிப்பாளர்களே, நிறுத்திய சனிக்கிழமை ராத்திரிச் சோதனையை மறுபடி தொடங்குங்கள். தொடங்குவதற்கு முன்பே நிருபர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், இந்த வாரத்திலிருந்து இந்தச் சாலைகளில் ராத்திரிச் சோதனை உண்டு, காரணம் இது என்று. எந்த இடம் எந்த மணி என்று சொல்லவேண்டாம், உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்தால் போதும். விரும்புகிற நிருபரைக் கூடவே நிற்க விடுங்கள், அவர் பார்த்ததை எழுதட்டும், உங்களுக்குப் பிடிக்காததையும் எழுதட்டும். எல்லா அபராதமும் இ-சலானில் மட்டும் போகவேண்டும், கையில் பணம் வாங்குவது கூடாது. வெளிச்சமும் இடமும் உள்ள நேர் ரோட்டில் நிறுத்துங்கள். மாதம் முதல் வாரத்தில் ஸ்டேஷன் வாரியாக விபத்து, சாவு, ஹெல்மெட், சீட் பெல்ட், குடி, மைனர், இத்தனையும் உள்ள கணக்கைப் பத்திரிகைகளுக்குக் கொடுங்கள். யார் போன் போட்டாலும் சோதனை நிற்காது என்று ஒரு தடவை வெளிப்படையாகச் சொல்லுங்கள், அது பேப்பரில் வந்துவிட்டால் போன் போடுகிறவர்களும் கொஞ்சம் தயங்குவார்கள்.

நிருபர்களே, தொப்பூரிலோ மேலுமலையிலோ லாரி மோதினால் "பிரேக் பிடிக்கவில்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். கியரில் வந்ததா, எடை என்ன, எஃப்.சி. உண்டா, டிரைவர் எப்போது தூங்கினார், இந்த நாலு கேள்வியையும் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை கொடுப்பார், அதை ஒரு மாதம் கழித்தாவது கேட்டு வாங்கி எழுதுங்கள். டிரம், லைனர் எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால் நானே காட்டுகிறேன், எங்கள் சாலையில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் காட்டுவார்கள். சோதனையைப் பற்றி எழுதும்போது நிறுத்தப்பட்டவரிடம் கேட்கிற அதே நேரத்தில், அந்த ரோட்டில் ஆளைப் பறிகொடுத்த ஒரு வீட்டிலும் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் தலைக்காயம் பார்க்கிற டாக்டரிடம் கேளுங்கள். படம் போடும்போது படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள். அடிபட்டவரைத் தூக்கிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவரைப் போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்று 134ஏ பிரிவு சொல்கிறது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. இந்த இரண்டு வரியையும் ஒவ்வொரு விபத்துச் செய்தியின் கீழேயும் சேர்த்துவிடுங்கள், பயந்துகொண்டு வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களே, மாவட்டப் பக்கத்தில் மாதம் ஒருநாள் ஒரு மூலை ஒதுக்குங்கள், போலீஸ் கொடுக்கிற கணக்கை அப்படியே அதில் போடுங்கள். கொடுக்காத மாதம் கொடுக்கவில்லை என்று போடுங்கள். உங்களில் யார் இதைச் செய்யப் போகிறீர்கள், எந்த மாதத்திலிருந்து என்பதை உங்கள் பக்கத்திலேயே அறிவியுங்கள். மாந்தோப்புகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பிக்கப் வேன்கள் காவேரிப்பட்டணம் ரோட்டில் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பு அந்த அறிவிப்பு வரவேண்டும் என்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
நல்லம்பள்ளி வட்டாரத்து லாரிப் பட்டறைக்காரன்